எமில்டாவின் பாரக் குழல்

தண்ணிக் கேத்தில் கொதித்து அடங்கினாலும் எமில்டா பால் பையை இறக்குவதில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, உள்ளே மூன்று சிறு பைகள் புரளும் அந்தப் பெரிய பையை இடக்கையில் பிடித்து, கையைத் தோளுக்கு நேரே நீட்டி, குசினி யன்னலைப் பார்த்தபடி நிற்பார். யன்னலுக்கு அப்பால் டோர்செட் பார்க் குடியிருப்பின் அடுத்த அடுக்குமாடி. அதன் பல்கனிகளில் ஒன்றில் யாரோ கட்டி மறந்துபோன சிவப்புத் துணி. எமில்டாவின் வலக்கண் அந்தத் துணியின் முடிச்சில் இருக்கும். பின்னால், தேயிலைப் பை போட்ட கோப்பையோடு கணவர் யோசப் காத்திருப்பார்.

"எமில்டா, அந்தப் பால் எனக்கும் தேவை கண்டீரே."

"பொறுங்கோ. கை இன்னும் நடுங்கத் தொடங்கேல்லை."

"நடுங்கத் தொடங்கினாப் பிறகு ஊத்தினீரெண்டா மேசைதான் தேத்தண்ணி குடிக்கும்."

எமில்டா திரும்பமாட்டார். உதடு மட்டும் அசையும். அருள்நிறைந்த மரியே மந்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தரம், அவசரப்படாமல் சொல்லுவார். ஆமென் வரும்போது பை ஆடத் தொடங்கும். அப்போதுதான் யோசப்புக்குப் பால்.

ஐம்பத்தேழு வயது. குள்ளமான, அகன்ற உடம்பு. காதுக்குப் பின்னால் கறுப்புக் கிளிப் குத்திய நரைமுடி. ஸ்காபரோவில் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கியதற்கும் பின்னேரம் ஏற்றுவதற்கும் இடையில் கிடக்கிற நேரத்தில் மற்றச் சாரதிகள் கோப்பி குடிப்பார்கள், சீட்டாடுவார்கள், பஸ்ஸுக்குள்ளேயே தூங்குவார்கள். எமில்டா துப்பாக்கி எண்ணெய் மணக்கிற துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை காற்று எந்தப் பக்கம் வீசும் என்று போனில் பார்ப்பார். சனிக்கிழமைகளில் அவர் குறி சுடப் போகிறார். பன்னிரண்டு வருடமாக.

இதை அவர் ஒளிப்பதில்லை. துப்பாக்கிப் பெட்டி நீளம், கறுப்பு, இரண்டு பூட்டு. எலிவேற்றரில் அதைக் காணும் சனம் இசைக்கருவி என்றுதான் நினைக்கும். மேல்மாடியில் இருக்கும் இராஜரட்ணம் ஒருநாள் முகம் மலரக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, கீபோட் பழகுறியளோ? நல்லது, நல்லது."

"இல்லை அண்ணை. துவக்கு."

இராஜரட்ணம் தன் மாடிக்கு நாலு மாடி முன்னமே இறங்கிவிட்டார். வகுப்பு, பரீட்சை, அனுமதி அட்டை, வீட்டில் பூட்டிய இரும்பலுமாரி என்று இந்த நாட்டில் அதற்கு எத்தனையோ ஒழுங்கு இருக்கிறது. அதையெல்லாம் எலிவேற்றருக்குள் விளங்கப்படுத்த முடியாது. எமில்டா முயலவும் இல்லை.

கோயிலில் அது கொஞ்சம் கடுமை. தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் எல்லாரும் நின்று கதைக்கும்போது, ஜெபமாலைக் கூட்டத்தை நடத்துகிற செலீன் குரலைத் தாழ்த்தி, ஆனால் சுற்றி நிற்கிறவர்களுக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னார்:

"எங்கட சனம் துவக்காலை பட்டது காணாதே எமில்டா? ஜெபமாலை பிடிக்கிற கையாலை உதைத் தொடவேணுமே?"

"ஜெபமாலை வலக்கையிலை செலீன். துவக்கைத் தாங்கிறது இடக்கை. அது சும்மாதானே கிடக்குது."

சிலர் சிரித்தார்கள். செலீன் சிரிக்கவில்லை. எமில்டாவும் சிரிக்கவில்லை. தன் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, மற்றப் பெண்கள் கலைந்து போகும் வரை நின்றார். பிறகு செலீனுக்கு மட்டும் சொன்னார்.

"ஊரிலை இருந்த காலம் முழுக்க நான் துவக்கின்ரை வாயை மட்டும்தான் பாத்தனான். சென்றிக் காவலிலை, றோட்டிலை, எங்கட வீட்டு முத்தத்திலை. ஆர் வைச்சிருந்தாலும் வாய் என்ரை பக்கம்தான் இருந்தது. பின்பக்கம் நிண்டு பாத்தா எப்பிடி இருக்கும் எண்டு பாக்க எனக்கு உரிமை இல்லையே?"

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலிருந்து வந்தவர் எமில்டா. ஊரைப் பற்றி அவரிடமிருந்து அதற்குமேல் ஒரு சொல்லும் பெயராது. கேட்டுப் பார்த்தவர்களுக்குக் காற்றின் வேகத்தைச் சொல்லுவார்.

துவக்கின் பின்பக்கத்தை அவருக்குக் காட்டியவர் றோய். எமில்டாவின் பஸ் நிற்கிற அதே யாட்டில் முன்பு சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணப் பட்டினத்து ஆள், அறுபத்தாறு வயது, மெலிந்த உடம்பு, எந்த நேரமும் கழுத்தில் தொங்கும் காதுமூடி. ஸ்ரௌவ்வில் ஊரைத் தாண்டி வடக்கே, புதுவீட்டு வரிசைகள் முடிந்து சோளக்காணி தொடங்குகிற இடத்தில், சரளைக்கல் ஒழுங்கையின் முடிவில் இருக்கிற சுடும் கழகத்தில் றோய் ஓர் அணிக்குத் தலைவர். எமில்டா அந்த அணியில் நாலாவது ஆள்.

அவருடைய துப்பாக்கி சிறிய ரவை போடுகிற அரைத் தானியங்கி. ஒரு தரம் விசையை இழுத்தால் ஒரு ரவை போகும். அடுத்த ரவையைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். கையால் இழுத்து ஏற்றத் தேவையில்லை. கடந்த சில வருடங்களில் அரைத் தானியங்கிகள் பல தடைக்குள் போய்விட்டன. எமில்டாவின் சிறிய ரவைக்காரன் இன்னும் போகவில்லை. வானொலியில் துப்பாக்கிச் சட்டம் என்ற சொல் கேட்டால் யோசப் சத்தத்தைக் கூட்டுவார், எமில்டா குறைப்பார்.

அந்தத் துப்பாக்கியில் எமில்டா விட்டுக்கொடுக்காத ஒரு பகுதி உண்டு. குழல். பரல் என்றுதான் கழகத்தில் எல்லாரும் சொல்வார்கள். கடையிலிருந்து வரும்போது அந்தத் துப்பாக்கிக்கு மெல்லிய குழல்தான் இருக்கும். எமில்டாவினுடையது அடி தொடங்கி நுனி வரை ஒரே பருமனில் தடித்த உருக்கு. தூக்கிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் முகம் சுளிப்பார்கள்.

ஏன் இவ்வளவு பாரம் என்று கேட்டால் அவர் பஸ்ஸைக் கொண்டு பதில் சொல்லுவார். அரைத் தானியங்கிக்குள் ஒவ்வொரு வெடிக்கும் ஓர் இரும்புக்கட்டி பின்னால் ஓடி முன்னால் வந்து முட்டும். அப்படித்தான் அடுத்த ரவை ஏறுகிறது. துப்பாக்கி தன்னைத் தானே உலுக்கிக்கொள்கிறது.

"சின்ன வானிலை ரெண்டு பெடியள் எழும்பி நிண்டாலே வான் ஆடும். பெரிய பஸ்ஸிலை அவ்வளவு பேரும் துள்ளினாலும் பஸ்ஸுக்குத் தெரியாது. உந்தத் தடிச்ச பரல் பெரிய பஸ்."

அதில் உண்மை இருந்தது. தடித்த குழல் நடுங்காது. வெடித்ததும் அதே இடத்தில் வந்து படுக்கும். மெல்லிய குழல் கைக்குச் சுகம், ஆனால் நுனி கோழிக்குஞ்சின் தலைபோல ஒரு நொடி சும்மா இராது. தடித்ததற்கும் ஒரு குறை இருக்கிறது. அந்தப் பாரம் முழுக்க முன்பக்கத்தில். நின்று சுடும்போது அதைத் தாங்குவது இடக்கை ஒன்றுதான். கை களைத்துவிட்டால் உலகத்திலேயே நல்ல குழலும் நிலத்தைப் பார்க்கும். பாரமா, சுகமா என்று கழகத்தில் நாள் முழுக்க இருந்து கதைக்கிறவர்கள் உண்டு. அநேகமானோர் நடுவில் ஏதாவது ஒன்றை வாங்கிச் சமாதானமாகிவிடுவார்கள்.

எமில்டாவுக்கு நடுவில் இருக்கிற எதிலும் நம்பிக்கை இல்லை. இருந்த பாரம் போதாதென்று, யாட்டு காராஜில் கார்ச் சில்லு ஆடாமல் இருக்க ஒட்டுகிற ஈயக்கட்டிகளில் ஒரு துண்டை வாங்கி வந்து, குழலைத் தாங்குகிற மரத்தின் அடியில் ஒட்டிவைத்திருந்தார். மற்ற அணிக்காரர் அதைக் கண்டு சிரித்தார்கள். அந்த வருடம் நின்று சுட்டதில் அவரை வெல்ல அந்த அணியில் ஆள் இருக்கவில்லை.

போன மாசியில் அவர் விழுந்தார். விடியப்புறம், யாட்டில், பஸ்ஸின் முன்சில்லைச் சுற்றி வரும்போது கண்ணாடிபோலக் கிடந்த ஐஸில் கால் வழுக்கியது. இடத்தோள் அடியில் மாட்டி முறிந்தது. கோடை வந்தபோது பஸ் ஓட்டுகிற அளவுக்குக் கை சரிவந்தது. தோளுக்குமேல் தூக்கினால் இன்னும் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மருத்துவர் பார்த்து உடற்பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே தந்த இளநீல றப்பர்ப் பட்டியை யோசப் தக்காளிச் செடிக்குக் கட்டினார். எமில்டா பால் பையைக் கையில் எடுத்தார்.

தோள் முறிந்தபின் முதல் தடவை கழகத்துக்குப் போன அன்று, றோய் துப்பாக்கியைக் கவிழ்த்து, ஈயத்துண்டை நகத்தால் கிளப்பி எடுத்து குப்பைவாளியில் போட்டார். அது இருந்த இடத்தில் மரத்தில் வெளிறிய சதுரம் ஒன்று மிஞ்சியது.

"உது உம்மடை நன்மைக்குத்தான்."

"என்ரை நன்மையை நீங்கள் நகத்தாலை கிள்ளவேண்டாம் றோய் அண்ணை."

இரண்டு கிழமை எமில்டா அவருடன் பேசவில்லை. மூன்றாம் கிழமை அவருக்கும் சேர்த்து இறைச்சி றோல்ஸ் கொண்டுபோனார். உறைப்பை மட்டும் வேண்டுமென்றே கூட்டியிருந்தார்.

ஆவணியில் றோய் விஷயத்தை நேராகச் சொன்னார். கழகத்தில் நின்று சுடுகிறவர்கள் ஒரு பிரிவு, மேசையில் மணல்மூட்டை வைத்து அதில் துப்பாக்கியைச் சாத்திவிட்டு இருந்து சுடுகிறவர்கள் இன்னொரு பிரிவு. வயதானவர்கள், முதுகு போனவர்கள், முழங்கால் மாற்றியவர்கள் எல்லாரும் கடைசியில் மேசைக்குத்தான் போவார்கள். ஐப்பசியில் வடக்கிலிருந்து இன்னொரு கழகத்தார் வருகிறார்கள், அணிக்கு அணி போட்டி.

"அதிலை நிண்டு சுடும். பாப்பம். சரிவராட்டி வாற வருசம் மேசைக்குப் போவம் எமில்டா. அதிலை வெக்கம் ஒண்டும் இல்லை."

"மேசையிலை சுடுறது மணல்மூட்டை. நான் இல்லை."

"அப்ப பரலை மாத்தும். ரெண்டு திருகாணி. அஞ்சு நிமிசத்து வேலை."

"மாத்தேன்."

இதற்குப் பிறகுதான் மெல்லிய குழல் வீட்டுக்கு வந்தது. எமில்டாவின் பிறந்தநாளுக்கு, நீளமான பெட்டியில், ஊதாநிற நாடா கட்டி. உள்ளே உருக்கு ஊசிபோல ஒரு குழல், வெளியே கார்பன் நாரால் சுற்றிய கறுப்பு உறை. ஒரு சுளகைத் தூக்குகிற பாரம்கூட இல்லை. வாங்கியவர் றோய், சொல்லி வாங்குவித்தவள் மகள் ஸ்டெபனி. ஸ்டெபனிக்குத் துப்பாக்கியே பிடிக்காது. அம்மா அதைத் தொடுவதும் பிடிக்காது. அம்மாவின் தோள் போவது அதைவிடப் பிடிக்காது.

"அம்மா, ஜஸ்ற் ட்ரை இற். றோய் அங்கிள் சொன்னவர், ஹாஃப் த வெயிற்றாம். நீங்கள் விடமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அற் லீஸ்ற் லைற்றாத் தூக்குங்கோ."

எமில்டா அந்தக் குழலை விரலில் வைத்துச் சமன் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். மெய்யாகவே சொன்னார். அடுத்த சனிக்கிழமை மாட்டிச் சுட்டும் பார்த்தார், மகளுக்காக. தோள் நோகவில்லை. குறித்தாளில் ஓட்டைகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரந்திருந்தன. ஒன்றோடு ஒன்று கதைத்துப் பழகாத ஓட்டைகள். அன்று பின்னேரமே இரண்டு திருகாணியையும் கழற்றித் தடித்ததைத் திரும்ப மாட்டினார். தடித்ததும் அவரைக் காப்பாற்றவில்லை. முதல் நாலைந்து ரவை ஒன்றாகக் கிடக்கும். பிறகு கை தளரும். மிச்சம் தாளின் கீழ்க்கரைக்கு இறங்கிப் போகும். றோய் சொல்லிக்கொடுத்தபடிதான் சுட்டார்: கொடுத்த நேரம் முழுவதையும் எடு, ஒவ்வொன்றாக, மூச்சு விட்டு மூச்சு விட்டு.

புரட்டாதியில் ஒருநாள் அவர் சுடும் இடத்துக்குப் பின்னால் றோய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார். மடிக்கிற கதிரை, கைபிடியில் கோப்பி வைக்கக் குழியும் உண்டு.

"ஏலாமப் போனா இரும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

எமில்டா கதிரையைப் பார்த்தார். றோயைப் பார்த்தார். துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தார். மூச்சு விடவும் இல்லை, ஒவ்வொன்றாக என்று பார்க்கவும் இல்லை. விசை முன்னுக்கு வருவதும் பின்னுக்குப் போவதும்தான். குழல் ஒவ்வொரு வெடிக்கும் மெல்லத் தலையசைத்து அதே இடத்தில் படுத்தது. அது படுக்கிற கணத்துக்காக மட்டும் விரல் காத்திருந்தது. ரவைப்பெட்டி காலியானபோது பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ பிழைத்துவிட்டதென்று நினைத்திருப்பார்.

தாளில் ஏழு ஓட்டைகள் யோசப்பின் தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்குள் கிடந்தன. மூன்று மட்டும் வெளியே.

றோய் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "உது கோவத்திலை விழுந்தது. கோவம் ஒவ்வொரு நாளும் வராது."

"எனக்கு வரும்," என்றார் எமில்டா.

ஆனால் வீட்டுக்கு வந்து அவர் யோசித்தது கோபத்தைப் பற்றியல்ல. அடுத்த நாள் காலை பால் பையை நீட்டிப் பிடித்துக்கொண்டு மரியே மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். நடுவில் கை கல்லாக இருந்தது. ஆமென்னில் ஆடியது. அதற்கடுத்த நாளும் ஆமென்னில்தான் ஆடியது. தோளுக்கு ஒரு மந்திரத்தளவு பலம் மிச்சம் இருக்கிறது. அதற்குமேல் இல்லை. பாரத்தைக் குறைத்தால் நேரம் கூடும், குறி போகும். பாரத்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் குறைத்தால்? தடித்த குழல் வெடித்ததும் தானாகத் திரும்பி வருகிறது. அதை ஏன் மூச்சு விட்டு மூச்சு விட்டுக் காக்கவைக்க வேண்டும்? கையால் ஏற்றுகிற துப்பாக்கி என்றால் அவசரப்பட முடியாது. இது தானே ஏற்றிக்கொள்கிற துப்பாக்கி.

யோசப்பிடம் சொன்னார். யோசப் பாலுக்காகக் காத்திருந்தபடியால் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

றோயிடம் சொன்னார். றோய் கேட்கவில்லை.

"பதறினாப் பதறினதுதான். ஒருநாள் விழுந்ததை வைச்சு அணியை நான் தோக்கக் குடுக்க ஏலாது. நேரம் தந்திருக்கிறாங்கள், அதை முழுக்க எடும். கிளிபோட்டைப் பாரும், கடைசி செக்கனிலைதான் கடைசி ரவை."

கிளிபோட் அணியில் இளையவர், நாற்பது வயதுக் கணக்காளர், எல்லாவற்றையும் நிதானமாகச் செய்கிறவர். எமில்டாவுக்கு அவரில் கோபம் இல்லை. அவருடைய இரண்டு தோளும் நல்ல தோள்கள்.

ஐப்பசிச் சனிக்கிழமை நல்ல வெயில், கொஞ்சம் காற்று. சோளம் வெட்டிய காணியில் வாத்துக்கூட்டம் மேய்ந்தது. ஸ்டெபனி முதல் தடவையாகக் கழகத்துக்கு வந்திருந்தாள். அம்மாவின் கை களைத்துவிட்டால் திரும்பி வரும்போது காரை யார் ஓட்டுவது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். வேலிக்குப் பின்னால், இரவல் வாங்கிய பெரிய காதுமூடியோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எமில்டாவின் இடத்துக்குப் பின்னால் அதே மடிக்கிற கதிரை. அதன் பக்கத்தில் றோய், கையில் மெல்லிய குழல் இருந்த நீளப் பெட்டி. ஊதா நாடா இன்னும் ஒரு பக்கத்தில் தொங்கியது.

"இன்னும் நேரம் இருக்கு. ரெண்டு திருகாணி. நான் மாத்தித் தாறன்."

"தாங்கோ," என்று எமில்டா பெட்டியை வலக்கையால் வாங்கினார். திரும்பி அதைக் கதிரையில் வைத்தார். நாடாவை மடித்து உள்ளே செருகினார்.

"இது இருக்கட்டும். இதுக்குத்தான் நிக்க ஏலாது."

வந்திருந்த கழகத்தாரில் யாருக்கும் தமிழ் தெரியாது. கிளிபோட் மட்டும் தன் துப்பாக்கியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

எல்லாரும் கண்ணாடி போட்டார்கள், காதை மூடினார்கள். கள அதிகாரி கட்டளை கொடுத்தார். துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எமில்டாவினுடையது கடைசியாக உயர்ந்தது. ஒரு கணம்கூட வீணாக அதைச் சுமக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. உதடு அசையத் தொடங்கியது. மற்றவர்கள் முதல் மூச்சை விட்டுக்கொண்டிருந்தபோது அவர் இரண்டாவது ரவையை விட்டுவிட்டார். பிறகு மூன்றாவது. ஒரே தாளத்தில், கதவு தட்டுகிறவரைப் போல, திறக்கும் வரை போகமாட்டேன் என்கிறவரைப் போல. வெறும் ரவைக் கோதுகள் வலப்பக்கம் தெறித்து வெயிலில் மின்னின. றோய் பின்னால் நின்று ஏதோ சொன்னார். காதுமூடிக்குள் எதுவும் போகவில்லை.

ஆமென் வந்தது. ரவைப்பெட்டி வெறுமையாயிற்று.

அவர் ரவைப்பெட்டியைக் கழற்றினார், ரவை அறையைத் திறந்து, வெறுமை என்று காட்டும் செம்மஞ்சள் கொடியைச் செருகினார், துப்பாக்கியை மேசையில் கிடத்தினார். பிறகு நிமிர்ந்து நின்றார். இடக்கையை யக்கெற் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் மற்றவர்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வெடி. பிறகு நெடுநேரம். பிறகு இன்னொரு வெடி. வாத்துகள்கூடத் தலை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேயத் தொடங்கின. அந்த வரிசையில் சும்மா நிற்கிற ஒரே ஆள் எமில்டா. றோய் கிட்ட வந்து அவர் காதுமூடியின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் விலக்கினார்.

"ஏன் நிப்பாட்டினீர்? கை விட்டிட்டுதே?"

"முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"பத்தும்."

றோய் கண்ணை மூடிக்கொண்டார். நேரம் முழுக்க மிச்சமாகக் கிடந்தது. இனி அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வேலிக்குப் பின்னால் ஸ்டெபனி கட்டிய கைகளை அவிழ்த்துக் கம்பியைப் பிடித்திருந்தாள். அவளுக்குக் குறி தெரியவில்லை, தாள் தெரியவில்லை. அம்மாவின் யக்கெற் பை மட்டும் தெரிந்தது. உள்ளே ஒரு குருவியை வைத்ததுபோல அது துடித்துக்கொண்டிருந்தது.

தாள்கள் வந்தன. எமில்டாவினுடையதில் ஒரு ஓட்டை மேல்கரையை முகர்ந்துகொண்டு தனியே நின்றது. முதல் ரவை. மற்ற ஒன்பதும் நடுவில். கோப்பையின் வாயை வைத்து மூடினால் ஒன்றுகூட வெளியே தெரியாது. கள அதிகாரி தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். கிளிபோட் அவரைவிட இரண்டு புள்ளி கூடுதல். றோய் அவரைவிடக் குறைவு. அணியின் மற்ற ஆள் இன்னும் குறைவு. இரண்டு கழகத்தையும் கூட்டிப் பார்த்தபோது வந்திருந்தவர்கள் கொஞ்சத்தால் வென்றுவிட்டார்கள். வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கோப்பிக்குப் போனார்கள். கிண்ணத்தில் எமில்டா ஒரு பார்வையும் வைக்கவில்லை. றோயின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

றோய் தாளை மடித்தார். விரித்தார். 

"சரி. மேசை இல்லை."

"ம்."

"வாற வருசமும் நில்லும்."

"நிப்பன்."

"ஆனா எமில்டா, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையும். தோள் உம்மடை தோள்தானே. உந்தப் பாரத்தை ஒருக்கா யோசியும். வாற வருசத்துக்குக் கொஞ்சம் குறைச்சா…"

ஸ்டெபனி வேலியைச் சுற்றி வந்துவிட்டாள். "அம்மா, ஹி'ஸ் றைற். கையை எடுங்கோ பாப்பம். எடுங்கோ."

எமில்டா கையை எடுக்கவில்லை. வலக்கையால் மேசைக்குக் கீழிருந்து தன் கைப்பையை எடுத்துச் சிப்பை இழுத்தார். ஜெபமாலையையும் றோல்ஸ் சுற்றிய தாளையும் விலக்கி, உள்ளேயிருந்து சாம்பல்நிறப் பட்டி ஒன்றை உருவினார். காராஜில் சில்லுக்கு ஒட்டுகிற ஈயக்கட்டிகள், புதுசு, வரிசையாக. துப்பாக்கியைக் கவிழ்த்து, மரத்தின் அடியில் இருந்த வெளிறிய சதுரத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். ஒரு கட்டியை உடைத்து, அதன் பின்பக்கத் தாளை உரிக்கப் பார்த்தார். ஒற்றைக் கையால் வரவில்லை. ஸ்டெபனி கை நீட்டினாள். எமில்டா தலையை மட்டும் அசைத்துவிட்டு, தாளைப் பல்லால் கவ்வி உரித்துத் துப்பினார்; கட்டியைச் சதுரத்தில் வைத்து அழுத்தினார். நெடுநேரம் அழுத்தினார்.

பிறகு றோயைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது கட்டியைப் பல்லுக்குக் கொண்டுபோனார்.